இரண்டு சாவித்திரிகள்: கசந்த இல்லறக் கதைகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

கும்பகோணத்தில் அரசலாற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். எல்லாம் ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வீடு நீளமாகப் போகும், அகலம் இருக்காது. அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பித்தளைச் சொம்பு விழுந்து உருண்டது. கூடவே ஒரு பெண்குரல் எழும்பி, சட்டென்று அடங்கியது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அப்பா "படு" என்றார். அம்மா படுத்துக்கொண்டாள். விடிந்ததும் அந்த வீட்டு அக்கா எப்போதும்போல் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அம்மா போய்ப் பக்கத்தில் நின்று, "மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்களாம்" என்றாள். "ஆமாக்கா, நானும் கேள்விப்பட்டேன்" என்று அவள் நிமிராமல் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

பல வருஷம் கழித்து, கு.ப.ரா. என்று சொல்லப்படுகிற கு.ப.ராஜகோபாலனின் சிறுகதைகளைப் படித்தபோது அந்தச் சுவர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. கணவன் மனைவிக்குள் ஏதோ உடைந்து போவதைப் பற்றிய கதைகளை எப்படிப் படிக்க வேண்டும், ஒன்றோடொன்று எப்படி ஒப்பிட வேண்டும் என்று யாராவது கேட்டால், இன்றும் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். "இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளில் சிக்கலான மணவாழ்க்கை: ஓர் ஒப்பீடு" என்பதுபோல ஒரு தலைப்பைக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒற்றுமை ஐந்து, அந்தப் பக்கம் வேற்றுமை ஐந்து என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு கதையிலும் கணவன் கொடுமைக்காரன். இரண்டிலும் மனைவி பொறுமைசாலி. ஒன்று கிராமம், ஒன்று நகரம். எழுதியதில் தப்பில்லை. ஆனால் கதை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

புடவைக் கடையில் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். அரக்குப் புடவை இரண்டை எடுத்துப் போடச் சொல்கிறோம். தனியாகப் பார்த்தால் இரண்டும் அரக்குதான். ஒன்றின்மேல் ஒன்றை விரித்துப் போட்டதும் ஒன்றில் கருஞ்சிவப்பு ஓடுவதும் மற்றதில் பழுப்பு ஓடுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நிறம் முன்பே அதில் இருந்ததுதான். தெரிவதற்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டியிருந்தது. கதைகளை ஒப்பிடுவதும் இதற்காகத்தான். தனியாகப் படித்தபோது கண்ணில் படாத ஒன்று, இன்னொரு கதையைப் பக்கத்தில் வைத்ததும் தெரிய வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை என்றால் வேறு ஜோடியைத் தேடுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். "யார்மேல் தப்பு?" என்று பஞ்சாயத்துக்கு உட்காருவது. வாழ்க்கையில் அந்தக் கேள்வி அவசியம். அடி வாங்குகிறவளுக்கு அதற்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும். கதையைப் படிக்கிறபோது மட்டும் அதைச் சற்றுத் தள்ளிவைத்து வேறொன்றைக் கேளுங்கள்: இதைச் சொல்கிறவர் எங்கே நிற்கிறார்? சுவருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அவர் காதுக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை?

இனி இரண்டு கதைகளை விரித்துப் போடுகிறேன். இரண்டும் கு.ப.ரா. எழுதியவை. 1902இல் கும்பகோணத்தில் பிறந்து 1944இல் மறைந்தவர். நடுவில் சில காலம் கண்பார்வை மங்கிப்போனபோது அவர் வாயால் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதினார். அவரும் பின்னால் கதாசிரியரானார். ஆண் பெண் உறவை இத்தனை நுணுக்கமாகச் சொன்ன கதைகளில் சிலவற்றை முதலில் கேட்டவர் ஒரு பெண் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கிறது.

முதல் கதை 'ஆற்றாமை'. சாவித்திரியின் கணவன் தொலைவில் இருக்கிறான். அதே வீட்டின் இன்னொரு பகுதியில் கமலாவும் ராகவனும் குடியிருக்கிறார்கள். புதுத் தம்பதிகள். கதை தொடங்கும்போதே கமலா, கணவன் வருகிற நேரமாயிற்று, காபிக்கு ஜலம் போட வேண்டும் என்று கிளம்புகிறாள். சாவித்திரி அவளை உட்காரச் சொல்கிறாள். ஒருத்திக்கு நேரம் போதவில்லை, இன்னொருத்திக்கு நேரம் போகவில்லை. இரண்டே வரிப் பேச்சில் இரண்டு இல்லறமும் வந்துவிடுகிறது. அன்று இரவு ராகவனைத் தேடி ஒருவர் வருகிறார். சாவித்திரி நினைத்திருந்தால் காலையில் வரச்சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அறைக்குள் இருக்கிற இருவரையும் எழுப்ப வைக்கிறாள். பிறகு தன் படுக்கையில் போய் விழுந்து அழுகிறாள்.

இரண்டாவது கதை 'சிறிது வெளிச்சம்'. ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஆண் ஒருவன் சொல்வதாக வருகிறது. அதே வீட்டில் கோபாலய்யரும் அவர் மனைவியும். இரவில் அவர் அவளை அடிப்பது இவனுக்குக் கேட்கிறது. ஒரு நாள் குறுக்கே போகிறான். அந்த இரவில் அவளும் அவனும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அவள் கேட்பதெல்லாம் தலைப்பில் இருக்கிற சிறிது வெளிச்சம்தான். இவளுடைய பெயரும் சாவித்திரி.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். ஒரே ஆசிரியர், இரண்டு கதை, இரண்டு மனைவிக்கும் ஒரே பெயர். நம் பக்கத்தில் அந்தப் பெயரைச் சும்மா கூப்பிட்டுவிட முடியாது. எமனிடம் வாதாடிக் கணவன் உயிரை மீட்டவள் சாவித்திரி. மாசி முடிந்து பங்குனி பிறக்கிற வேளையில் அவளை நினைத்துத்தான் வீடுகளில் காரடையான் நோன்பு. கார அடையும் வெல்ல அடையும் தட்டி, மேலே வெண்ணெய் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு பெண்கள் வேண்டுவது ஒன்றே ஒன்று: ஒருக்காலும் என் கணவர் என்னைப் பிரியாதிருக்க வேண்டும்.

அந்த வேண்டுதலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கதையையும் மறுபடி படியுங்கள். முதல் சாவித்திரிக்கு வேண்டுதல் பலிக்கவில்லை. கணவன் பிரிந்திருக்கிறான், அவள் வாடுகிறாள். இரண்டாவது சாவித்திரிக்குப் பலித்துவிட்டது. கணவன் தினமும் ராத்திரி வீட்டுக்கு வருகிறான். அதுதான் அவளுக்கு வந்த துன்பம். பிரிவு ஒருத்தியை வருத்துகிறது, பிரியாமை இன்னொருத்தியை அடிக்கிறது. ஒரு கதையை மட்டும் படித்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

கு.ப.ரா. இதை எண்ணித்தான் ஒரே பெயர் வைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு சாவித்திரி இருந்திருப்பார்கள். ஆசிரியர் என்ன நினைத்தார் என்பது ஒன்று. கதைகளைப் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு என்ன தெரிகிறது என்பது வேறொன்று. புதிதாக எழுதுகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஆசிரியர் இதன்மூலம் உணர்த்துகிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். "இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு இப்படித் தெரிகிறது" என்று எழுதிப் பழகுங்கள். உங்கள் கால் தரையில் நிற்கும்.

இப்போது சுவருக்கு வருவோம். 'ஆற்றாமை'யில் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவளே வேதனைப்படுகிறவள். அந்தப் பக்கத்திலிருந்து வருவது சந்தோஷத்தின் ஓசை. 'சிறிது வெளிச்சம்' கதையில் வேதனை அந்தப் பக்கம்; கேட்டுக்கொண்டிருப்பவன் மூன்றாம் மனிதன். ஆகவே முதல் கதையில் நாம் மனைவியின் மனத்துக்கு உள்ளேயே இருக்கிறோம். அவளுடைய பொறாமை அற்பமானதாகப் படவில்லை, அது பசியாகத் தெரிகிறது. இரண்டாவது கதையில் சாவித்திரியை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை; அவன் பார்த்த சாவித்திரியைப் பார்க்கிறோம். அதுவும், அவள் போய்விட்டாள், இனிமேல் இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்ற மனநிலையில்தான் அவன் பேசவே தொடங்குகிறான். அவள் இருந்தவரை சொல்லவில்லை. அவளுடைய வேதனை இப்போது அவனுடைய நினைவு. அவனை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம்? நான் அவனை நம்புகிறேன். என்றாலும் அவன் சொல்கிற கதையில் அவனுடைய ஏக்கமும் கலந்திருக்கிறது என்பதை மறக்காமல்தான் நம்புகிறேன்.

அடுத்தது வருஷம். கதை எந்த வருஷத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். அந்த வருஷத்தில் வாசல் திறந்திருந்ததா என்று பாருங்கள். இதை நான் ரொம்பவும் வற்புறுத்திச் சொல்வேன். இன்று படிக்கிற ஒரு பெண், "ஏன் சார், அவ விவாகரத்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கிறாள். கேட்கட்டும், நல்ல கேள்வி. பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் கதைகள் எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்குச் சட்டத்தின் வழியாக விவாகரத்து இல்லை. கொடுமை காரணமாகத் தனியாக வசித்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையே 1946இல் வந்த சட்டத்தில்தான் தெளிவாகக் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கு வழி செய்த சட்டம் 1949இல். இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல். கு.ப.ரா. கண்ணை மூடியது 1944. அவருடைய பெண்கள் யாருக்கும் அந்த வாசல் கிடையாது.

அப்படியென்றால் எல்லாப் பெண்களும் அடைபட்டே கிடந்தார்களா? இல்லை. இதே டெல்டாவில் பல சமூகங்களில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் இருந்தது. ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் கூடித் தீர்த்துவிடுவார்கள். அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்வாள். ஒரே ஆற்றுத் தண்ணீர் பாய்கிற இரண்டு தெருவில் ஒன்றில் வாசல் அடைத்திருந்தது, ஒன்றில் சாத்தாமல் கிடந்தது. ஆகவே "அந்தக் காலத்துப் பெண்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். எந்தத் தெருப் பெண் என்று கேளுங்கள்.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' கதையை இங்கே ஒரு நிமிஷம் பக்கத்தில் வைக்கலாம். அம்மாளு மில் கூலி. கணவன் ஜட்கா ஓட்டுகிறவன், அடிபட்டுப் படுத்துக்கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்க முக்கால் ரூபாய்க்காக அவள் இருட்டுச் சந்துக்குள் போகிறாள். இதைக் கசந்த மணவாழ்க்கை என்று வகைப்படுத்த முடியுமா? கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு பிளவும் இல்லை. இருவரையும் சேர்த்து வெளியிலிருந்து ஒன்று நெரிக்கிறது. தலைப்பில் "சிக்கலான மணவாழ்க்கை" என்று இருக்கும்போது, சிக்கல் இருவருக்கும் நடுவிலா, இருவருக்கும் வெளியிலா என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். சாவித்திரிக்கு வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது, அன்பு இல்லை. அம்மாளுவுக்கு அன்பு இருக்கிறது, கஞ்சி இல்லை. இதில் எந்த வேதனை பெரிது என்று நிறுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டுக் கதையை ஒப்பிட வேண்டுமானால் அவசரப்படாதீர்கள். பேர்பெற்றது என்பதற்காக எடுத்தால் ஒட்டாது. ஒட்டுகிற ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் டி.எச்.லாரன்ஸ் எழுதி 1911இல் வெளியானது. தலைப்பைத் தமிழில் 'சாமந்தி மணம்' என்று சொல்லிக்கொள்ளலாம். நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்தில் ஒரு வீடு. எலிசபெத் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. குடிக்கப் போயிருப்பான் என்று முதலில் கோபம். நேரம் ஆக ஆகக் கோபம் பயமாகிறது. கடைசியில் சுரங்கத்தில் மூச்சடைத்து இறந்த அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாமியாரும் அவளும் அந்த உடலைக் கழுவித் துடைக்கிறார்கள். கழுவும்போதுதான், இவனை நான் ஒரு நாளும் அறிந்ததே இல்லை என்று அவளுக்குப் புரிகிறது. கல்யாணத்தின்போது சாமந்தி, மகள் பிறந்தபோது சாமந்தி, முதன்முதலாக அவன் குடித்துவிட்டுத் தூக்கிவரப்பட்டபோதும் சட்டையில் சாமந்தி. பிணம் வந்த இரவில் சாமந்தி வைத்த சாடி கீழே விழுந்து உடைகிறது.

அதன் பக்கத்தில் கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையை வையுங்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி. கணவன் சிவராமையர் ஆபத்தான நிலையில். குஞ்சம்மாள் உடன்பிறந்தவனோடு ராத்திரி ரயில் ஏறுகிறாள். மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் என்று நம் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற அந்த மெயின் லைன். ரயில் போகப்போக இரவு நீள்கிறது. இருப்பாரா, போய்விட்டாரா? அவளுடைய மணவாழ்க்கையில் சுகம் இருந்ததில்லை என்பது கசிந்து கசிந்து தெரிகிறது. கடைசியில் பொழுது விடிகிறது. மரணம் உறுதியாகிவிட்டது. கூடவே, இரவு முழுக்க நெஞ்சை அழுத்திய ஏதோ ஒன்று இறங்கியதும் தெரிகிறது.

இரண்டிலும் ஒரே இரவு, காத்திருப்பு, கணவன் சாவு. புடவையை விரித்துப் போட்டாயிற்று. என்ன நிறம் தெரிகிறது? எனக்குத் தெரிவது இது: லாரன்ஸ் மனைவியின் மனத்துக்குள் போய், அவள் உணர்வதை முழு வாக்கியங்களாகச் சொல்லிவிடுகிறார். குஞ்சம்மாளின் மனத்துக்குள் நாம் போவதே இல்லை. சொல்கிறவன் உடன்பிறந்தவன், அவன் கையில் இருப்பது அவள் முகமும் அவள் பேசுகிற நாலு வார்த்தையும்தான். ஏன் இப்படி? கணவன் சாவில் ஒரு பெண்ணுக்கு ஆறுதலும் இருக்கலாம் என்பதை அவள் வாயால் சொல்ல நம் வீடுகளில் மொழி இருக்கவில்லை என்று நினைக்கிறேன். முகத்தில்தான் காட்ட முடியும். அதைப் பார்க்கவும் அவளை நேசிக்கிற ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எலிசபெத்துக்குச் சொல்ல வாய்த்தது குஞ்சம்மாளுக்கு வாய்க்கவில்லை. அதை வைத்து எந்தக் கதை உயர்த்தி என்று கேட்காதீர்கள். என்னை அதிகம் உலுக்குவது குஞ்சம்மாளின் மௌனம். நான் அந்த ரயிலில் போனவன் என்பதும் காரணமாக இருக்கலாம்.

பழைய கதையை எடுத்து மறுபடி சொல்கிற வகையும் உண்டு. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943) அகலிகை கதை. ராமன் பாதம் பட்டுப் பெண்ணானவள், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் அவனேதான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். கௌதமன் அவளை மன்னித்துவிட்டான், அன்பாகவும் இருக்கிறான், அது போதவில்லை. இதைத் தனியாக ஒரு வாரம் படிக்க வேண்டும், இங்கே நான்கு வரியில் அடக்கக்கூடாது.

எழுதத் தொடங்கும்போது என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். அவள் நோட்டில் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "இரண்டு கதைகளிலும் பெண் அடிமைப்படுத்தப்படுகிறாள்." இதை அடிக்கச் சொன்னேன். இரண்டு கதையிலும் இரவில் நடப்பதை மட்டும் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசிய பிறகு அவளே எழுதியது: "'ஆற்றாமை'யில் அடுத்தவர் இரவில் குறுக்கிடுபவள் தனித்திருக்கும் மனைவி. 'சிறிது வெளிச்சம்' கதையில் குறுக்கிடுபவன் அயல் ஆண். முதல் குறுக்கீடு ஒரு சந்தோஷத்தைக் கலைக்கிறது, இரண்டாவது ஒரு கொடுமையை நிறுத்துகிறது. இரண்டும் முடிந்த பிறகு ஒரு சாவித்திரி தனியாகத்தான் இருக்கிறாள்." மூன்றாம் வாக்கியத்தைப் படித்துவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். எழுதும் முன் அது அவளுக்குத் தெரியாது.

நோட்டை மூடி வைத்துவிட்டு, "சார், அன்னிக்கு ராத்திரி உங்க அம்மா ஏன் போய்க் கதவைத் தட்டல?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அப்பா "படு" என்று சொன்னதை மட்டும் மறுபடி சொன்னேன். அடுத்த வாரம் வரும்போது 'சிறிது வெளிச்சம்' கதையை இன்னொரு தடவை படித்துவிட்டு வரச் சொன்னேன். அவன் எழுந்து குறுக்கே போனது எத்தனையாவது இரவில் என்று பார்த்து எழுதிக்கொண்டு வா என்றேன்.